பதினேழாம் எண் துப்பாக்கி

மிக்ஸி வாங்குவதற்கே எனக்கு இரண்டு வாரம் ஆகும். ஷார்ஜாவில் வீட்டுச் சாமான் கடைக்காரர்கள் பலருக்கு என் முகம் தெரியும். தெரிந்ததில் அவர்களுக்குச் சந்தோஷமில்லை. ஒரே கம்பெனியின் பழைய மாடலையும் புது மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். ஜாரை மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றிப் பார்ப்பேன். மூடியின் ரப்பரை அழுத்திப் பார்ப்பேன். என் மனைவி ஜெஸ்மி தள்ளிப் போய் நின்றுகொண்டு, "ஒங்ககூட கடைக்கு வந்தா நான் கெழவியாயிட்டுதான் வீட்டுக்குப் போவேன்" என்பாள். புது மாடல் என்றாலே நல்ல மாடல் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. கம்பெனிக்காரன் விலையைக் குறைக்க எங்கே கை வைத்திருக்கிறான் என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

என் பெயர் கிளிட்டஸ். வயது நாற்பத்து நான்கு. ஊர் குளச்சல் பக்கம். ஆங்கிலத்திலோ இந்தியிலோ சொல்வதைவிடத் தமிழில் எழுதிக் கொடுப்பதே எனக்கு எளிது என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் நஸீஹா மேடம் விசாரணை அதிகாரியிடம் பேசி அனுமதி வாங்கித் தந்தார். நான் எழுத எழுத அவர் அரபியில் மாற்றுகிறார். நல்ல பேனாவும் தந்திருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜெபல் அலியைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் போகும் சாலையில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப் இருக்கிறது. அங்கே பதினோரு வருடமாக நான் டெக்னீஷியன். கிளப்புக்கு வருகிறவர்கள் சுடும் துப்பாக்கிகளைக் கழற்றி, துடைத்து, பழுது பார்த்துத் திரும்பக் கொடுப்பது என் வேலை. எல்லாம் போலீஸ் அனுமதியோடு நடப்பது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு எண் உண்டு, ஒரு அட்டை உண்டு. அட்டையில் என் கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது.

எங்களிடம் அதிகம் இருந்தது ஒரு வகை செமி ஆட்டோமேட்டிக். விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு போகும். அடுத்த தோட்டா தானாகவே ஏறிக்கொள்ளும். தோட்டா வெடிக்கும்போது பின்பக்கத்தை மூடிப் பிடித்துக்கொள்ளும் இரும்புக்கு போல்ட் என்று பெயர். அதுதான் வெடிப்புக்கும் சுடுகிறவன் முகத்துக்கும் நடுவில் இருப்பது. முதல் மாடலில் அந்த போல்ட்டை முழு இரும்பில் குடைந்து செய்திருந்தார்கள். இழுத்து விட்டால் நல்ல வீட்டுக் கதவு சாத்துவதுபோல ஒரே சத்தம். இரண்டாம் மாடலில் வெளிப்பாகம் சிலது பிளாஸ்டிக் ஆனது, போல்ட் மாறவில்லை. மூன்றாம் மாடல் போன வருடம் வந்தது. கையில் எடுத்தால் லேசு. மேல் பூச்சு கண்ணைப் பறிக்கும். போல்ட்டை இழுத்து விட்டால் இரண்டு சத்தம் கேட்கும். அந்த இரண்டாவது சத்தம் கேட்கக் கூடாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் துப்பாக்கி என்றால் பயம். மேசையில் கழற்றிப் போட்டிருக்கும்வரை அது வெறும் சாமான். எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்ப்பேன். தோட்டாவைப் போட்டுத் தோளில் வைத்துவிட்டால் எனக்குக் கை வியர்த்துவிடும், கண் தானாக மூடிக்கொள்ளும். பதினோரு வருடத்தில் அது மாறவில்லை. ஜெஸ்மிக்குக்கூட இது தெரியாது.

இதில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் சூப்பர்வைசர் ஹஸ்னைன் பாய் பாகிஸ்தான்காரர், பழைய பட்டாளத்துக்காரர். அவர் வைத்த விதி ஒன்று உண்டு. அட்டையில் கையெழுத்துப் போட்டவன்தான் அந்தத் துப்பாக்கியில் முதல் பத்துத் தோட்டாக்களைச் சுட வேண்டும். இன்னொருவன் வலது தோள் பக்கம் அரை அடி பின்னால் நின்று பார்க்க வேண்டும். தான் சுடத் துணியாததை வாடிக்கையாளர் கையில் கொடுக்கக் கூடாது என்பது அவர் நியாயம். நல்ல விதிதான்.

அந்த விதியிலிருந்து என்னைக் காப்பாற்றியவன் முனியசாமி. சாத்தூர் பக்கத்துப் பையன், முப்பத்தொரு வயது. தரையில் சிதறும் காலித் தோட்டாக்களைப் பெருக்கும் வேலைக்கு வந்து, பிறகு பயிற்சி எடுத்து உதவியாளர் ஆனவன். நான் சுடும்போது கண்ணை மூடுவதை முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. "அண்ணே, நீங்க கையெழுத்தப் போடுங்க, சத்தத்த நான் போட்டுக்கிறேன்" என்றான். ஆறு வருடம் அப்படியே நடந்தது. காலை பத்து மணிக்கு, கிளப் திறக்கும் முன்னால், அவன் சுடுவான், நான் அவன் வலது தோள் பக்கம் நிற்பேன். ஹஸ்னைன் பாய் அந்த நேரத்தில் ஆபீஸில் இருப்பார். அட்டையில் சுட்டவன் பெயரும் என்னுடையதாகவே இருக்கும்.

மூன்றாம் மாடலில் இருபது வாங்கலாமா என்று போன நவம்பரில் பேச்சு வந்தது. மாதிரிக்கு ஒன்று வந்திருந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டதென்றும், மூன்று மாடலையும் ஒப்பிட்டு நான் ஒரு ரிப்போர்ட் கொடுக்க வேண்டுமென்றும் சொன்னார். "நல்லாத்தான் இருக்கும், இல்லையா?" என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. மேனேஜர் என்னை ஒரு முறைகூடத் திட்டியதில்லை. திட்டாதவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

நான்கு நாள் பார்த்தேன். மூன்றையும் வரிசையாக வைத்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, எடை போட்டு, அளந்து, உண்மையை என் சொந்த நோட்டில் எழுதினேன். மூன்றாம் மாடலின் போல்ட் உருக்கி ஊற்றியது, உள்ளே காற்றுக் குமிழ் இருக்கிறது, சில நூறு குண்டுகளுக்கு மேல் இதை நம்பக் கூடாது என்று எழுதினேன். பிறகு ரிப்போர்ட்டில், மூன்று மாடலுக்கும் தரத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு நானே பொய் எழுதி வைக்கும் பழக்கம் இல்லை. அதனால்தான் அந்த நோட்டு இருந்தது.

ஜனவரியில் இருபதும் வந்தன. அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் டப்பா தேடி என் இழுப்பறையைத் திறந்த முனியசாமி நோட்டைப் பார்த்துவிட்டான். கதவைச் சாத்திவிட்டு வந்து என் முன்னால் நின்றான்.

"அண்ணே, இது உங்க எழுத்துதான?"

"ஆமா."

"ரிப்போர்ட்ல வேற மாதிரில்ல எழுதிக் குடுத்தீங்க. நாந்தான அதக் கொண்டுபோயி பாய் மேசைல வச்சேன்."

"சும்மா எழுதிப் பாத்தது மக்கா. அத விடு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எப்படிண்ணே விட? சனிக்கிழமைன்னா குடும்பம் குடும்பமா வந்து சுடுறாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வருது. மூஞ்சிக்கு நேரா வெடிச்சா என்ன செய்வீங்க? எனக்கே இப்ப அதத் தொடப் பயமா இருக்கு." நோட்டை மூடி என் மேசையில் வைத்தான். பிறகு, "வியாழக்கிழமை வரைக்கும் பாக்கேன். நீங்களே பாய்கிட்ட சொல்லிருங்க. நான் போயிச் சொன்னா உங்களுக்குக் கேவலம்ணே" என்றான்.

அவன் மிரட்டவில்லை. அதை நேர்மையாக எழுத வேண்டும். அவன் கண்ணில் பயம் இருந்தது, அதில் பாதி எனக்காக. ஊரில் இருக்கும் அவன் சம்சாரம் ஜோதிமணியிடம் போனில் சொல்வானோ என்று கேட்டேன். "சீச்சீ, உங்க மானம் போற விஷயத்த அவகிட்ட எதுக்குச் சொல்றேன்" என்றான். அவன் சொன்னால் சொன்னதுதான்.

அன்று எனக்கு வந்த பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. போலீஸ் அனுமதியோடு நடக்கும் இடத்தில் பொய்யாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேலை போவது மட்டுமில்லை, ஜெயில், அதன் பிறகு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், திரும்ப வரவே முடியாது. ஜெஸ்மியும் மகளும் என் விசாவில் இருக்கிறார்கள். மகளுக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. சாலையில் போலீஸ் வண்டி போனால் பக்கத்துக் கடைக்குள் நுழைந்துகொண்டேன். "என்னதான் வந்தது ஒங்களுக்கு, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க" என்று ஜெஸ்மி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஹஸ்னைன் பாய் நல்ல மனிதர், ஒருவேளை கத்திவிட்டு விட்டிருப்பார். நான் இரண்டு முறை அவர் அறை வாசல்வரை போனேன். அவர் நிமிர்ந்து, "க்யா ஹுவா, பாய்?" என்று என்ன விஷயமெனக் கேட்டார். டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். பயந்தவனுக்கு வாசற்படி எவ்வளவு உயரம் என்று பயப்படாதவர்களுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை இருபது துப்பாக்கிகளையும் ஒர்க்ஷாப்பில் இறக்கினேன். புதிதாக வந்ததைச் சோதித்து அட்டை போடுவது என் வேலைதான். யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. ஒரே மாடல் என்றாலும் இருபதும் ஒன்றாக இருக்காது. வார்ப்பில் ஒன்று நன்றாக விழும், ஒன்று மோசமாக விழும். அவசரப்படாமல் பார்த்தேன். ஒவ்வொன்றையும் மூன்று முறை கழற்றினேன். முதல் முறை பார்த்ததை மறந்துவிட்டு இரண்டாம் முறை பார்த்தேன். அப்போதுதான் நியாயமாக இருக்கும். புதன்கிழமை மதியத்துக்குள் இருபதையும் ஒன்றிலிருந்து இருபதுவரை வரிசைப்படுத்திவிட்டேன். மிக நல்லது நான்காம் எண். ஒன்பதாம் எண் மோசம். அதைவிட மோசம் பதினேழாம் எண். அதன் போல்ட்டில் ஒரு விரிசல் இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, நகத்தை வைத்து இழுத்தால் தட்டும்.

ஒன்றைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் அறுக்கவில்லை, ராவவில்லை, எதையும் மாற்றி வைக்கவில்லை. கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருந்தது. நான் பார்த்தேன், ஒப்பிட்டேன், எடுத்து வைத்தேன்.

புதன்கிழமை மாலை டூட்டி முடியும் நேரத்தில் முனியசாமியிடம் போனேன். நாளைக்கு ஹஸ்னைன் பாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். வெறும் வாயால் சொன்னால் மேனேஜர் நம்பமாட்டார். நல்லதாக ஒன்றைச் சுட்டு வைத்துக்கொள்வோம், அதன் பக்கத்தில் குறையுள்ளதை வைத்துக் காட்டுவோம், ஒப்பிட்டுக் காட்டினால் யாருக்கும் புரியும் என்றேன். அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும்ணே. மூணு நாளா சரியாத் தூங்கவே இல்ல" என்றான்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. பதினேழாம் எண்ணின் அட்டையில் என் கையெழுத்தைப் போட்டேன். எதையும் ஒளிக்கவில்லை. துப்பாக்கியை அவன் வாங்கிக்கொண்டான். மணிக்கட்டில் இருக்கன்குடி மாரியம்மன் கோவில் கயிறு கட்டியிருந்தான், அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அண்ணே, இது நல்லதுதான?"

"இருபதுல இதுதான் நல்லது. மூணு தடவ பாத்துட்டேன்" என்றேன்.

துப்பாக்கி கையில் இருக்கும்போது சுடுகிறவன் பின்னால் திரும்பக் கூடாது என்று இன்னொரு விதி உண்டு. முனியசாமி விதி தவறாதவன். அவன் குறி பார்க்க ஆரம்பித்ததும் நான் அவன் தோள் பக்கத்திலிருந்து நகர்ந்து, எங்கள் சுடும் தடத்துக்கும் பக்கத்துத் தடத்துக்கும் நடுவில் இருக்கும் கான்கிரீட் சுவருக்குப் பின்னால் போய் நின்றேன். நான்கு குண்டுகள் ஒழுங்காகப் போயின. காதுக் கவசத்தைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு, திரும்பாமலே, "பரவால்லண்ணே, சத்தம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு, ஆனா பரவால்ல" என்றான். "ம், சுடு" என்றேன். அந்த நேரத்தில்கூட நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏழாவது குண்டில் வெடித்தது.

அவன் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தான். கண், முகம் எல்லாம் கட்டுப் போட்டிருந்தது. கழுத்திலும் ஒரு துண்டு ஏறியிருந்தது. இரண்டாம் நாள் நான் பார்க்கப் போனபோது நினைவு இருந்தது. என் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டான். பேசுவதே அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

"அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே? பக்கத்துலதான நின்னீங்க."

"இல்ல மக்கா. எனக்கு ஒண்ணுமில்ல."

"நல்லவேள" என்றான். பிறகு கையால் துழாவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "பாய்கிட்ட சொல்லிருங்கண்ணே. நல்லதே இப்படின்னா, மிச்சம் பத்தொம்பத யாரும் தொடக் கூடாது. பயமா இருக்குண்ணே" என்றான். சொல்லிவிடுகிறேன் என்றேன். மறுநாள் அவன் போய்ச் சேர்ந்தான்.

சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. வெடித்த அன்றைக்கே மூன்றாம் மாடல் முழுவதையும் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை வந்த குடும்பங்கள் பழைய மாடலில் சுட்டுவிட்டுப் பத்திரமாக வீட்டுக்குப் போயின. முனியசாமி ஆசைப்பட்டது அதுதான். அதை நான் பல முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பழி துப்பாக்கிக் கம்பெனி மேல் போனது. மேனேஜர் என் தோளைத் தட்டி, நீ தப்பித்தது கடவுள் புண்ணியம் என்றார். ஹஸ்னைன் பாய் மட்டும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கேமராப் பதிவை எடுத்தார்கள். பழைய நாட்களின் பதிவையும் எடுத்தார்கள். ஒவ்வொரு காலையிலும் அவன் சுடுகிறான், நான் அவன் தோள் பக்கம் நிற்கிறேன். அந்த வியாழக்கிழமை மட்டும் சுவருக்குப் பின்னால் நிற்கிறேன். விசாரணை அதிகாரி இரண்டு படத்தையும் அருகருகே மேசையில் வைத்து, என்ன வித்தியாசம் என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அதற்கு மேல் மறைக்க எனக்கு மனமில்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். பதினேழாம் எண் வெடிக்கும் என்று தெரிந்து முனியசாமியின் கையில் கொடுத்தேன். அவன் ஹஸ்னைன் பாயிடம் போகக் கூடாது என்பதற்காகக் கொடுத்தேன். பயத்தில் செய்தேன். நான் கொலைகாரன் இல்லை, பயந்தவன். எழுதுங்கள்.

இதுவரை எழுதியதை நஸீஹா மேடம் இன்று காலை படித்துப் பார்த்தார். பிறகு, "எல்லா இடத்துலயும் பயம், பயம்னு எழுதிருக்கீங்க. அந்த இருபதையும் உக்காந்து பாத்தீங்களே, திங்கள், செவ்வாய், புதன். அப்ப எப்படி இருந்துச்சு உங்களுக்கு?" என்று கேட்டார். அரபியில் அந்த இடத்துக்கு என்ன வார்த்தை போடுவது என்று தெரியவில்லையாம்.

யோசித்துப் பார்த்தேன். திங்கட்கிழமையிலிருந்து எனக்குப் பசித்தது. ஜெஸ்மி கட்டிக் கொடுத்த மீன்குழம்பை டப்பாவை வழித்துச் சாப்பிட்டேன். படுத்ததும் தூங்கினேன். ஒர்க்ஷாப்பில் எனக்கு முன்னால் வரிசையாக இருபது, கையில் என் நோட்டு, வெளியில் யாருடைய சத்தமும் காதில் விழவில்லை. பதினேழாம் எண்ணில் விரிசல் என் நகத்தில் தட்டியபோது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.